இரத்தம் காத்திருக்க வேண்டிய இடம்

தாம்பரத்திலும் அதனைச் சுற்றியுள்ள ஊர்களிலும் குடியிருப்போருக்கு விமானத்தின் ஓசை புதிதன்று. ஒருபுறம் விமானப் படை நிலையத்திலிருந்து எழும் பயிற்சி விமானங்கள். மறுபுறம் மீனம்பாக்கத்தில் இறங்கும் பயணிகள் விமானங்கள். பேச்சின் நடுவே அவ்வோசை குறுக்கிட்டால் சற்று நிறுத்தி, அது கடந்தபின் விட்ட இடத்திலிருந்து தொடர்வது நம் வழக்கமாகிவிட்டது. நிமிர்ந்து பார்ப்பவர் எவருமிலர். ஆயினும் அவற்றுள் ஒன்றிரண்டு, நூறு பயணிகளுக்குப் பதிலாக ஒரே ஒரு நோயாளியைச் சுமந்து வருவனவாக இருக்கலாம். வங்கக் கடலின் நடுவே 1,350 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள அந்தமான் தீவுகளிலிருந்து, உயர்ந்த சிகிச்சை தேடி, நோயாளிகளை இவ்வாறு சென்னைக்குக் கொண்டுவருவதுண்டு.

அவ்விமானத்துள் மூச்சுக் கருவி உண்டு. இதயத் துடிப்பைக் காட்டும் திரை உண்டு. மருத்துவரும் செவிலியரும் உண்டு. ஆனால், குருதி இழந்து துவளும் ஒருவருக்கு முதன்மையாக வேண்டியது எதுவோ, அந்த இரத்தம் அதில் எப்பொழுதும் ஆயத்தமாக இருக்கும் என்று கூறுவதற்கில்லை. இன்ன நோயாளிக்கு என்று பெயர் குறித்து, பொருத்தம் பார்த்து, புறப்படும் மருத்துவமனை தந்த பையை மருத்துவர் உடன் எடுத்துச் செல்வது ஒன்று. யாருக்குத் தேவைப்படும் என்று முன்கூட்டி அறியாமலேயே, நேரக்கூடிய ஆபத்தை எண்ணி, வண்டியிலேயே இரத்தத்தை வைத்திருப்பது மற்றொன்று. இரண்டாவது வழிக்கு நம் நாட்டு விதிகள் இன்னும் தெளிவாகக் கதவு திறக்கவில்லை. அக்கதவு ஏன் அடைபட்டது, அதனை எவ்வளவு திறக்கலாம் என்பதையே இங்கு ஆராய முற்படுகிறோம்.

முதலில், குருதி இழப்பு என்பது யாது என்று காண்போம். வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் ஏறத்தாழ ஐந்து லிட்டர் இரத்தம் ஓடுகிறது. அதில் பத்தில் நான்கு பங்கு வெளியேறிவிட்டால் உயிர் ஊசலாடத் தொடங்கும். அந்நிலையில் ஆம்புலன்ஸில் இருப்போர் வழக்கமாகச் செய்யக்கூடியது, குழாய் வழியாக உப்புநீரை ஏற்றுவதே. உப்புநீர் குழாய்களை நிரப்புமேயன்றிப் பிராணவாயுவைச் சுமக்காது. அளவு மீறினால் எஞ்சியுள்ள இரத்தத்தையும் நீர்க்கச் செய்து, உறையும் ஆற்றலைக் குன்றச் செய்து, உடலைக் குளிர வைத்துவிடும். குடத்தில் குறைந்த பாலுக்கு ஈடாகத் தண்ணீரை ஊற்றினால் குடம் நிறையும், பால் நிறையாது.

வானத்தில் இவ்வின்னல் இன்னும் கடுமையாகிறது. விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் தரையில் இருப்பதைப் போன்று இருப்பதில்லை. பெரும்பாலும் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயரமுள்ள மலைமேல் நிற்பதற்கு ஒப்பான நிலையே அங்கு உண்டு. எட்டாயிரம் அடியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய கால்பங்கு குறைவு; மூச்சில் கிட்டும் பிராணவாயுவும் அதற்கேற்பக் குறையும். உடல் நலத்தோடு இருப்பவர் இதனை உணர்வதேயில்லை. பிராணவாயுவைச் சுமக்கும் சிவப்பணுக்களையே பாதிக்குப் பாதி இழந்தவருக்கோ இது இரட்டை இழப்பு. முகமூடி வழியே எவ்வளவு பிராணவாயு கொடுத்தாலும் அதனைச் சுமந்து செல்லும் பல்லக்குத் தூக்கிகள் இல்லாதபோது பயன் என்ன?

அவ்வாறாயின், இரத்தத்தை வண்டியில் வைக்க விடாத விதியை இயற்றியவர்கள் இரக்கமற்றவர்களா? அல்லர். அவ்விதி பிறந்த கதையை அறிய வெளியூர் செல்ல வேண்டியதில்லை; தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தில் இறங்கினாலே போதும்.

1928ஆம் ஆண்டில் காசநோயாளிகளுக்காகத் தொடங்கப்பட்ட மருத்துவமனை அது. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி புகுந்துவிட்டதை முதன்முதலாகக் கண்டறிந்தனர். அடுத்து வந்த ஆண்டுகளில், உற்றாரும் கைவிட்ட நோயாளிகள் நாடெங்கிலுமிருந்து தேடிவந்த இடம் இந்தத் தாம்பரம் மருத்துவமனையே. நாட்டில் மிகுதியான எய்ட்ஸ் நோயாளிகளைக் கவனித்த மருத்துவமனைகளுள் ஒன்றாக அது விளங்கிற்று. அக்கிருமி பரவிய வழிகளுள் சோதிக்கப்படாத இரத்தமும் ஒன்று. வறுமையால் வாரந்தோறும் தம் குருதியை விற்றுப் பிழைத்தோர் அந்நாளில் எண்ணற்றோர். அவர்களிடம் வாங்கி விற்ற உரிமமற்ற நிலையங்களும் பல.

இந்நிலையில்தான், 1996ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் உச்ச நீதிமன்றம், 'காமன் காஸ்' என்னும் பொதுநல அமைப்பு தொடுத்த வழக்கில் ஒரு தீர்ப்பை வழங்கியது. உரிமமின்றி எந்த இரத்த வங்கியும் இயங்கலாகாது. குருதி விற்பனை ஈராண்டுக்குள் ஒழிய வேண்டும். தேசிய அளவிலும் மாநில அளவிலும் இரத்தம் ஏற்றுதலுக்கான குழுமங்கள் அமைய வேண்டும் என்பன அத்தீர்ப்பின் சாரம். 1940ஆம் ஆண்டின் மருந்து, அழகுப் பொருள் சட்டத்தின்கீழ் இரத்தமும் ஒரு மருந்தே. ஆகவே அதனைத் திரட்டவும் சேமிக்கவும் வழங்கவும் உரிமம் வேண்டும். கட்டடம் எத்தகையது, குளிர்ப்பெட்டி எத்தகையது, பணியாளர் எவர் என்பதையெல்லாம் விதிகள் வரையறுத்தன.

இவ்வளவு கட்டுக்காவல் இருந்தும் தவறு நேராமலில்லை. 2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டம் சாத்தூரில், கர்ப்பிணி ஒருவருக்கு எச்.ஐ.வி. கிருமியுள்ள இரத்தம் ஏற்றப்பட்டது வெளிப்பட்டு நாடே நடுங்கியது. எனவே, 'விதிகளைத் தளர்த்துங்கள்' என்று எவரேனும் கேட்கும்போது, 'எந்த விதியை?' என்று திருப்பிக் கேட்பது நியாயமே. நம் விடை இதுதான்: சோதனையைப் பற்றிய விதியில் ஓர் இழையும் தளரக் கூடாது, இடத்தைப் பற்றிய விதியே தளர வேண்டும். உரிமம் பெற்ற இரத்த மையத்தில் முறைப்படி சோதிக்கப்பட்ட ஒரு பை, மருத்துவமனையின் குளிர்ப்பெட்டியில் இருந்தாலும் வண்டியின் குளிர்ப்பெட்டியில் இருந்தாலும், உரிய குளிர்நிலை காக்கப்படுமாயின், அதே பைதான்.

இடத்தின் வேலியை அரசு முன்பும் தளர்த்தியிருக்கிறது. 2001ஆம் ஆண்டில், ஆண்டுக்கு 2,000 அலகுக்கு மேற்படாமல் தம் நோயாளிகளுக்கு இரத்தம் பயன்படுத்தும் சிற்றூர் மருத்துவமனைகளும் சுகாதார நிலையங்களும், முழு உரிமம் இன்றியே, ஒப்புதல் பெற்ற சேமிப்பு மையங்களை நடத்தலாம் என்று விலக்கு அளிக்கப்பட்டது. பேறுகாலத்தில் குருதி வடிந்து தாய்மார் இறப்பதைத் தடுப்பதே அதன் பெருநோக்கம். படைத் துறை மருத்துவப் பிரிவினருக்கோ இதனினும் பெரிய விலக்கு உண்டு. எல்லைப் பகுதிகளில், களத்து ஆம்புலன்ஸ்களிலும் நடமாடும் மருத்துவப் பிரிவுகளிலும், மருத்துவ அதிகாரியின் மேற்பார்வையில் குறிப்பிட்ட சோதனைகளைச் செய்து, அங்கேயே இரத்தம் எடுத்து அங்கேயே ஏற்றலாம். எல்லையில் காயமுற்ற வீரருக்கு நகரும் வண்டியில் இரத்தம் தரலாம் என்று ஏற்ற சட்டம், நெடுஞ்சாலையில் காயமுற்ற குடிமகனை எண்ணிப் பார்க்கவில்லை. சேமிப்பு மையத்துக்கான விலக்கோ மருத்துவமனைச் சுவர்களை மனத்திற் கொண்டே எழுதப்பட்டது. ஓடும் வண்டியும் பறக்கும் விமானமும் அதன் வாசகத்துக்குள் வரவில்லை.

இவ்வளவும் சட்டநூலின் செய்தியாக நமக்குத் தோன்றியிருக்கும், நம் மஹல்லாவில் நிகழ்ந்த ஒன்றை நாம் கண்டிராவிட்டால். சில ஆண்டுகளுக்கு முன், நமக்கு அறிமுகமான குடும்பத்துப் பெண்மணி ஒருவர் தலைப்பேற்றுக்காக அருகிலிருந்த சிறு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அஸருக்குப் பின் பெண் குழந்தை பிறந்தது. பெண்ணின் வாப்பா பள்ளிவாசல் வாயிலில் நின்று கற்கண்டு கொடுத்துக்கொண்டிருந்தார். மக்ரிபுக்குச் சற்று முன், உதிரப் போக்கு நிற்கவில்லை, நகரின் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும் என்று செய்தி வந்தது. அங்கே தொலைபேசியில் சொல்லி, அவருடைய இரத்தப் பிரிவைச் சேர்ந்த நான்கு பைகளை எடுத்து வைக்கச் செய்தனர். ஆம்புலன்ஸ் புறப்பட்டது. மாலை நேரத்து ஜி.எஸ்.டி. சாலையை அறிந்தவர்களுக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை. குரோம்பேட்டையில் நின்றது, பல்லாவரத்தில் ஊர்ந்தது, திரிசூலத்தில் அசையாமல் நின்றுவிட்டது. வலப்புறம் மலை, இடப்புறம் விமான நிலையம். உடன் சென்ற தாயார் கூறியதை நாம் பின்னர் கேட்டோம்: 'உப்புநீர்ப் பாட்டில் மாற்றி மாற்றிப் போட்டாங்க. அவ கை மட்டும் சில்லிட்டுக்கிட்டே வந்துச்சு.'

பெரிய மருத்துவமனையில் இரத்தம் காத்திருந்தது. பெறவேண்டியவர் சாலையில் காத்திருந்தார். இருவரும் சந்திக்கவில்லை. இன்னாலில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். வண்டியிலேயே இரத்தம் இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்று மருத்துவர் ஒருவரைக் கேட்டோம். 'உறுதி கூற இயலாது. ஒரு வாய்ப்பாவது கிடைத்திருக்கும்' என்றார். ஆயுள் அல்லாஹ்வின் கையிலுள்ளது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் முயற்சி நம் கையில் தரப்பட்டிருக்கிறது என்பதிலும் ஐயமில்லை. அக்குழந்தை இப்போது உம்மம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் செல்கிறது.

பிற நாடுகள் இதில் எவ்வாறு நடந்துகொண்டன என்று காண்பதும் பயனுடையது. கொரியப் போரின்போதே ஹெலிகாப்டரில் காயம்பட்டோரைக் கொண்டுசெல்கையில் இரத்த நீராகிய பிளாஸ்மாவைச் செலுத்தினர். ஆயினும் குடிமக்களுக்கான வண்டிகளுக்கு அவ்வசதி வர நெடுங்காலம் ஆயிற்று. இலண்டன் வான்வழி ஆம்புலன்ஸ் 2012 மார்ச்சில்தான் பிரிட்டனிலேயே முதலாவதாக இரத்தத்தைச் சுமக்கத் தொடங்கியது. எவருக்கும் ஏற்றத்தக்க 'ஓ நெகட்டிவ்' சிவப்பணுக்களைக் குளிர்காக்கும் பெட்டியில் வைத்துப் பறந்தனர்.

இதனால் பயன் விளைந்ததா என்பதையும் நடுநிலையோடு நோக்க வேண்டும். அமெரிக்காவில் வான்வழி ஆம்புலன்ஸ்களில் 501 பேரைக் கொண்டு நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், வழியிலேயே பிளாஸ்மா பெற்றவர்களுள் முப்பது நாள்களுக்குள் இறந்தோர் நூற்றுக்கு 23 பேர். பெறாதவர்களுள் 33 பேர். அதே ஆண்டில் டென்வர் நகரில் தரைவழி ஆம்புலன்ஸ்களில் செய்த ஆய்வில் எந்தப் பயனும் தென்படவில்லை. 2022இல் பிரிட்டனில் வெளிவந்த ஆய்வும், வழியில் இரத்தம் தருவது உப்புநீரினும் மேலானது என்று நிறுவ இயலவில்லை என்றே கூறியது. இம்முரணுக்கு விளக்கம் என்ன? அமெரிக்காவின் அவ்விரு ஆய்வுகளையும் ஒருங்கே சேர்த்துப் பார்த்தவர்கள் ஓர் உண்மையைக் கண்டனர். மருத்துவமனையை இருபது நிமிடங்களுக்குள் அடைந்துவிடுவோருக்கு இதனால் பெரிய ஆதாயமில்லை. பயணம் இருபது நிமிடங்களைக் கடக்கும்போதே பயன் தெரிகிறது. டென்வரின் தெருக்களில் இருபது நிமிடங்களுக்குள் அடைந்துவிடுகிறார்கள். தாம்பரத்திலிருந்து அந்தி வேளையில் நகரத்துக்குள் நுழைய எத்தனை நிமிடங்கள்? அந்தமானிலிருந்து பறந்துவர எத்தனை நிமிடங்கள்?

வானூர்தியின் அருமையை இப்பகுதி மக்கள் நேரிலும் கண்டவர்களே. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு கரை புரண்டபோது முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் மூழ்கின. மீனம்பாக்கம் விமான நிலையமே மூடப்பட்டது. அப்போது தாம்பரம் விமானப் படை நிலையத்திலிருந்து ஹெலிகாப்டர்கள் பறந்தன. இராமாபுரத்தில் வெள்ளம் சூழ்ந்த வீட்டின் மாடியிலிருந்து நிறைமாதக் கர்ப்பிணி ஒருவரைத் தூக்கிவந்து தாம்பரத்தில் இறக்கினர். ஓரிரு நாள்களில் அவர் மருத்துவமனையில் இரட்டைப் பெண் குழந்தைகளை ஈன்றார். அல்ஹம்துலில்லாஹ். அந்தரத்தில் அவருக்கு உதிரப் போக்கு தொடங்கியிருந்தால் என்ன செய்திருப்பர் என்று எண்ணுகையில் நெஞ்சு திடுக்கிடுகிறது.

இரத்தப் பைகள் வானில் பறப்பதும் நம் நாட்டில் சோதிக்கப்பட்டுவிட்டது. 2023 மே மாதம் 10ஆம் நாள் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தில்லியை அடுத்த பகுதியில், ஆளில்லாச் சிறு வானூர்தியான டிரோனில் பத்து அலகு இரத்தத்தை அனுப்பிப் பார்த்தது. 2024 அக்டோபர் 29ஆம் நாள் ரிஷிகேஷ் எய்ம்ஸ் மருத்துவமனையின் ஹெலிகாப்டர் மருத்துவச் சேவையும் தொடங்கப்பட்டது. இரத்தமும் பறக்கிறது; நோயாளியும் பறக்கிறார். இரண்டையும் ஒரே கூட்டுக்குள் சேர்க்க வேண்டியதே எஞ்சியுள்ள பணி.

இவ்விடத்தில், நம் மார்க்கச் சட்டம் இதே போன்றதொரு சிக்கலை எவ்வாறு அவிழ்த்தது என்பதை நினைவுகூர்தல் தகும். உட்கொள்ளத் தடுக்கப்பட்டவற்றுள் இரத்தமும் ஒன்று என்பதை அல்பகரா அத்தியாயம் அறிந்தோர் அறிவர். ஆகவே, இரத்தம் ஏற்றும் சிகிச்சை பரவியபோது, 'ஒருவர் குருதியை மற்றொருவர் உடலில் செலுத்தலாமா?' என்ற கேள்வி எழுந்தது இயல்பே. உலமாக்கள் தடையை மறுக்கவுமில்லை. தடையைக் காட்டி உயிரைக் கைவிடவுமில்லை. நிர்ப்பந்தம் தடுக்கப்பட்டதை ஆகுமாக்கும் என்ற ஃபிக்ஹு விதியைக் கொண்டு அனுமதித்தனர். அத்தோடு நிற்காமல், அந்த அனுமதி நிர்ப்பந்தத்தின் அளவைத் தாண்டலாகாது என்ற துணை விதியையும் உடன் வைத்தனர். நம்பத்தக்க மருத்துவர் தேவை என்று கூற வேண்டும். வேறு வழி இருக்கக் கூடாது. குருதியை விற்றுப் பொருளீட்டலாகாது என்றனர். இரத்தத்தின் விலையைப் பற்றிய நபிமொழி புகாரி ஷரீஃபில் இடம்பெற்றிருப்பதை வாசகர் அறிவர். உச்ச நீதிமன்றம் 1996இல் ஒழிக்க முனைந்த குருதி வாணிபத்தை நம் மார்க்க அறிஞர்கள் அதற்கு முன்பே கண்டித்தனர்.

நாம் கேட்பதும் இத்தகைய அளவறிந்த தளர்வையே. மத்திய சுகாதாரத் துறை, 2001இல் சேமிப்பு மையங்களுக்கு அளித்த விலக்கை, தகுதி பெற்ற ஆம்புலன்ஸ்களுக்கும் வான்வழி ஆம்புலன்ஸ்களுக்கும் விரித்து எழுதலாம். அவ்வாறு எழுதும்போது சில நிபந்தனைகள் இன்றியமையாதவை. இரத்தம் உரிமம் பெற்ற மையத்திலிருந்தே வர வேண்டும். சிவப்பணுக்கள் 2 முதல் 6 பாகை செல்சியஸ் குளிரில் இருந்தனவா என்பதைப் பெட்டியின் கருவியே இடைவிடாது பதிய வேண்டும். பயிற்சி பெற்ற மருத்துவரின் ஆணையின்றி ஒரு துளியும் ஏற்றப்படலாகாது. ஏற்றும் முன் நோயாளியின் இரத்த மாதிரி எடுத்து வைக்கப்பட வேண்டும். ஒவ்வாமை தோன்றினால் செய்வதற்கான மருந்துகள் கைக்கெட்டும் தொலைவில் இருக்க வேண்டும். பயன்படாத பை வீணாகாமல், குளிர் குன்றாத நிலையில், உரிய நேரத்தில் மையத்துக்குத் திரும்ப வேண்டும். இந்தியருள் 'ஓ நெகட்டிவ்' பிரிவினர் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு மேல் இல்லை. ஒரு பையைக்கூட விரயம் செய்ய நமக்கு உரிமையில்லை.

விதியை மாற்றுவது இயலாத செயலன்று. 2021 டிசம்பர் 18ஆம் நாள், இதே ஜி.எஸ்.டி. சாலையில் உள்ள மேல்மருவத்தூரில், 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' என்னும் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. சாலை விபத்தில் சிக்கியவர் எந்த ஊரினர், எந்த நாட்டினர் என்று பாராமல் முதல் 48 மணி நேரச் சிகிச்சையின் செலவை அரசே ஏற்பது அதன் நோக்கம். பணம் கட்டும் மேசையில் காத்திருந்து உயிர் போகலாகாது என்று ஒரு விதி மாறியது. சாலையில் காத்திருந்து உயிர் போகலாகாது என்று மற்றொரு விதியும் மாறலாம்.

இதில் நம் சமுதாயத்துக்குத் தனிப் பொறுப்பு உண்டு என்று கருதுகிறோம். தமிழகத்தில் இரத்ததான முகாம்களை நடத்துவதில் முஸ்லிம் அமைப்புகள் பல ஆண்டுகளாக முன்னிற்கின்றன. பல ஜமாஅத்துகள் சொந்தமாக ஆம்புலன்ஸ் வைத்துச் சாதி மதம் பாராமல் ஓட்டுகின்றன. நள்ளிரவில் எழுப்பினாலும் கையை நீட்டிக் குருதி கொடுக்கும் இளைஞர்கள் நம் தெருக்களில் இருக்கின்றனர். கொடுப்பதோடு நம் கடமை முடிந்துவிடுகிறதா? கொடுத்த இரத்தம் உரிய நேரத்தில் உரியவரைச் சென்றடைகிறதா என்று கேட்பதும் கொடையின் ஒரு பகுதியே. பள்ளிவாசல் நிர்வாகிகளும் மருத்துவர்களும் சட்டமறிந்தோரும் கூடி, இக்கோரிக்கையை நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் வழியாக மத்திய சுகாதாரத் துறைக்கு எழுத்தில் அனுப்பலாம். முஸ்லிம்களின் கோரிக்கையாக அன்று. சாலையில் செல்லும் எல்லாருடைய கோரிக்கையாக.

அகழ்ப் போரில் ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்கள் கை நரம்பில் அம்பு தைத்துக் குருதி பெருக வீழ்ந்தபோது, பெருமானார் (ஸல்) அவர்கள் அவர்களைத் தொலைவிலுள்ள இல்லத்துக்கு அனுப்பிவிடவில்லை. பள்ளிவாசலிலேயே கூடாரம் அமைக்கச் செய்து, அருகிலிருந்து நலம் விசாரிக்கும்படி அங்கே தங்கவைத்தார்கள். அக்கூடாரத்தில் காயமுற்றோரைப் பேணியவர் ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணி என்று வரலாறு கூறும். காயம்பட்டவர் இருக்கும் இடத்துக்குச் சிகிச்சை செல்ல வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த முன்மாதிரி நமக்கு வேண்டுமா? ஓருயிரைக் காத்தவருக்கு அல்மாயிதா அத்தியாயத்தில் அல்லாஹ் வழங்கியிருக்கும் மாண்பை நாம் ஓதுகிறோம். பிள்ளைகளுக்கும் ஓதிக் கொடுக்கிறோம். அம்மாண்புக்குரிய செயல்களுள், அலுவலக மேசையில் ஒரு விதியின் ஒரு வரியைத் திருத்தி எழுதுவதும் சேரும். அதனை எழுதும் கைகளுக்கு இறைவன் நல்லெண்ணத்தையும் விரைவையும் அருள்வானாக! ஆமீன்.